'மற்றும்' என்ற சொல்லின் அரசியல்

தமிழக அரசில் 'மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை' என்று ஒரு துறை இருக்கிறது. இந்தப் பெயரையே ஒரு பிரதியாக வாசிக்கலாம். விலக்குவதும் தீர்வை வாங்குவதும் எதிரெதிர்க் காரியங்கள். 'மற்றும்' என்ற சொல் சத்தமில்லாமல் இரண்டையும் ஒட்டவைத்துவிடுகிறது. அரசு மதுக்கடைகளுக்கான 2003ஆம் ஆண்டு விதிகளும்கூட 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்டவைதான்.

இதை வெறும் பாசாங்கு என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். வரலாறு அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. விலக்கின் செலவைக் குடிக்காதவனும் சேர்ந்து சுமந்தான். 1971இல் விலக்கு தளர்ந்தபோது அந்த வரி போகவில்லை. சாராய வருவாயும் கூடச் சேர்ந்துகொண்டது.

ஃபூக்கோவைப் படித்தவர்கள் உடனே 'உடல் மீதான அதிகாரம்' என்பார்கள். சரி. ஆனால் நம்மூர் அரசு உடலை ஒழுங்குபடுத்துவதைவிட அதிலிருந்து கறப்பதில்தான் குறியாக இருக்கிறது. வரி போட்டால் விலை கூடும், குடி குறையும் என்கிற பொதுச் சுகாதார வாதம் பொய்யல்ல. அப்படியொரு வரியைப் போடுகிற அரசு, வசூல் விழும் நாளுக்கும் தயாராக இருக்கவேண்டும். டாஸ்மாக் சில்லறை விற்பனையை எடுத்துக்கொண்ட 2003–04இல் வருவாய் சுமார் 3,600 கோடி ரூபாய். 2023–24இல் 45,800 கோடிக்கும் மேல். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் இது விழத் தயாராகிற வசூலாகத் தெரியவில்லை.

ஆரோக்கியம்தான் அளவுகோல் என்றால் கள்ளின் கதை விளங்காது. 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. அதைவிடப் பலமடங்கு போதையுள்ள ஆலைச் சரக்கை அரசே விற்கிறது. மரமேறுகிற ஒவ்வொருவனிடமும் தீர்வை வசூலிப்பது கஷ்டம். ஆலை வாசலில் சுலபம்.

'மது நாட்டிற்கு வீட்டிற்கு உயிருக்கு கேடு' என்பது புட்டிகளில் நெடுநாள் அச்சான வாசகம். வரிசையைக் கவனியுங்கள். குடிக்கிறவன் உயிர் கடைசியில் நிற்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். செத்தவர்களில் பலர் கூலிக்காரர்கள். கடைச் சரக்கின் விலை எட்டாதவன் பாக்கெட் சாராயத்துக்குப் போகிறான் என்பது வரிக் கொள்கை பேசுகிறவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

'என் உடம்பு, என் இஷ்டம்' என்கிற நடுத்தர வர்க்கச் சொல்லாடலும் இங்கே உதவாது. புருஷன் கூலியைக் கடையில் விட்டுவிட்டு வந்து அடிக்கிறபோது வாங்குகிற உடம்பு யாருடையது? கடையை மூடச் சொல்லி ரோட்டில் உட்கார்கிற பெண்களை 'ஒழுக்கவாதிகள்' என்று கேலி செய்கிற நம் அறிவுஜீவிகள் இதற்குப் பதில் சொல்லவேண்டும்.

வசூலில் இத்தனை பங்கு குடிநோய் சிகிச்சைக்கு என்று சட்டத்திலேயே எழுதட்டும். அதுகூட முடியாதென்றால், துறையின் பெயரிலிருந்து முதல் சொல்லை அடித்துவிடுவதுதான் நேர்மை.