தொட்டியின் நிறமும் புழுவின் வயிறும்

கடலட்டைப் பொரிப்பகத்தில் நிறையக் கரண்ட் தின்பது பாசி அறை. குடுவை, ஜாடி, தொட்டி என்று படிப்படியாகப் பெருகும் தேநீர் நிறத் தண்ணீர். ஓயாத விளக்கு, ஓயாத காற்றுக் குழாய். ஒருநாள் கவனம் பிசகினால் பாசி மொத்தமும் செத்து அடியில் படியும். இவ்வளவு பாடு எதற்கு, புட்டியில் வரும் நுண்பாசிச் செறிவு போதாதா என்ற கேள்வி நியாயமானதே.

1988-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் டி.பி. ஜேம்ஸ் குழுவினர் வெள்ளை அட்டை என்ற கடலட்டையைப் பொரிக்கவைத்தபோது உயிருள்ள ஐசோகிரைசிஸ் பாசியைத்தான் கொடுத்தார்கள். பிறகு வந்த ஒப்பீடுகளில் கீட்டோசெரோஸ் என்ற பாசி முன்னுக்கு வந்தது. செறிவு வெகு தாமதமாக வந்த போட்டியாளர். ஆனால் பாப்புவா நியூ கினியில் செறிவை மட்டுமே உணவாக்கிப் பெருமளவில் குஞ்சு எடுத்ததை 2018-இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட பிறகு, அதை ஒப்புக்குச் சப்பாணி என்று ஒதுக்கிவிட முடியாது.

யார் ஜெயித்தார் என்பதை எதை வைத்துச் சொல்வது? இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். பத்தாம் நாள் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுவது எளிது. அந்த எண் பாதிக் கதைதான். சுமார் இரண்டாம் நாளில் தின்னத் தொடங்கும் ஆரிகுலேரியா, கடலட்டையின் இளம்பருவம், கண்ணாடித் துண்டு போன்ற புழு. உடலோரம் நெளிந்தோடும் நுண்மயிர்கள் பாசியை வாய்க்குத் தள்ளும். ஆனால் அடுத்த பருவமான டோலியோலேரியா, பீப்பாய் வடிவப் புழு, எதையும் தின்னாது. பட்டினியிலேயே உருமாறித் தரையில் அமர வேண்டும். அதற்கான கட்டுச்சோறு முதிர்ந்த ஆரிகுலேரியாவின் இரு விலாவிலும் கண்ணாடிக் குமிழ்களாகத் தெரியும்; உள்ளே இருப்பது கொழுப்பு. குமிழ் சிறுத்த புழு பத்தாம் நாள் நீந்தும். அமரும் நாளில் காணாமல் போகும்.

இந்த அளவுகோலில் உயிருள்ள கீட்டோசெரோஸுக்கே என் ஓட்டு. அது தண்ணீரில் மிதந்து நிற்கும். செறிவின் அணுக்கள் செத்தவை. அடியில் இறங்கும், பாக்டீரியாவுக்கு விருந்தாகும். ஒரு மில்லிலிட்டருக்கு 20,000 அணுவில் தொடங்கி 40,000 வரை ஏற்றுவது வழக்கம். செறிவில் கை கொஞ்சம் தாராளமானால் தண்ணீர் கெடும். பசிக்குக் கொடுப்பதாக நினைத்துத் தொட்டியின் நிறத்துக்குக் கொடுக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

ஆனாலும் வருடத்துக்கு இரண்டு, மூன்று தொகுதி மட்டும் எடுக்கும் சிறு பொரிப்பகம் அதற்காக மாதக்கணக்கில் பாசி அறையைக் காப்பது வீண். அங்கே செறிவே சரி. குளிர்பெட்டியும் கறாரான அளவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இறால் பொரிப்பகத்தோடு ஒட்டியிருந்தால் கீட்டோசெரோஸ் ஏற்கெனவே பக்கத்து அறையில் இருக்கும். அவர்கள் புட்டி வாங்கக் காரணமே இல்லை. இரு தரப்பும் ஒன்றை மறக்கக் கூடாது: தரையில் அமர்ந்த குஞ்சு மிதக்கும் பாசியைத் தேடாது, தகட்டில் படிந்த டயட்டம் பாசியையோ ஸ்பைருலினாப் பூச்சையோதான் மேயும். அதைப் புட்டிக்காரர்களும் தனியாகத் தயார் செய்தாக வேண்டும்.

எட்டாம் நாளுக்குப் பிறகு தினமும் காலையில் பத்துப் புழுவை உறிஞ்சி நுண்ணோக்கியில் வையுங்கள். நாட்கள் கடந்தும் பெரும்பாலானவற்றில் குமிழ் காணவில்லையென்றால், தண்ணீர் எந்த நிறத்தில் இருந்தாலும், அந்தத் தொட்டியை வடித்துவிட்டு மறுபடி தாய் அட்டைகளிடம் போவதே செலவு குறைவு.