ஜூபின் மேத்தாவின் கோல்

ஜூபின் மேத்தா என்றாலே மும்பைத் தமிழர்களுக்கும் ஒரு பெருமை: "நம்ம ஊர்க்காரராச்சே!" 1936-இல் பம்பாயில் பிறந்த பார்சி அவர். தந்தை மேஹ்லி மேத்தா வயலின் கலைஞர். பம்பாய் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை நிறுவியவர். ஆனால் 1954-இல் மகன் வியன்னாவுக்குப் படிக்கப் போய்விட்டார். போகாமல் என்ன செய்வது? மும்பையில் தொழில்முறை சிம்பொனிக் குழு ஒன்று நிலையாக அமைய 2006 ஆகிவிட்டது. காதைக் கொடுத்த ஊர் சோறு போடவில்லை.

கச்சேரி கேட்டுப் பழகிய நமக்கு, ஒரு ஸ்வரம்கூட வாசிக்காத கண்டக்டருக்கு என்ன வேலை என்று தோன்றும். தாளம் காட்டுவது அதில் சின்ன பங்குதான். நூறு பேர் வாசிக்கும்போது எதை முன்னே விடுவது, எதை அடக்குவது என்று தீர்மானிப்பதுதான் பெரிசு. லாஸ் ஏஞ்சலீஸ் பில்ஹார்மானிக்கில் 1962 முதல் 1978 வரை, வியன்னாவில் கேட்டுப் பழகிய அந்தக் கனத்த, இழைந்த தந்தி நாதத்தை வரவழைக்க அவர் பாடுபட்டார். 1969-இல் பதிவான ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' கேட்டுப் பாருங்களேன். ஓசை எவ்வளவு ஏறினாலும் அடித்தளம் ஆடாது.

பிறகு 1991 வரை நியூயார்க்கில் 13 ஆண்டுகள். பகட்டு அதிகம், ஆழம் குறைவு என்று அங்கே சில விமர்சகர்கள் குறைசொன்னார்கள். முழுக்க மறுக்க எனக்கும் மனசு வரவில்லை. மோட்சார்ட்டில் கொஞ்சம் கனம் கூடித்தான் போகிறது. ஆனால் ரவிசங்கரின் இரண்டாவது சிதார் கான்செர்ட்டோவை 1981-இலும், நம் எல். சுப்ரமணியத்தின் படைப்பை 1985-இலும் மேடையேற்றியது இதே நியூயார்க் மேத்தாதான். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?