சாட்சியம் என்ன செய்யும்?

ஹீல்ஸ்வில் சரணாலயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாத மெல்பேர்ண் தமிழர் குறைவு. நாம் கோலாவையும் பிளாட்டிபஸையும் பார்த்துவிட்டுத் திரும்பும் அந்த நிலம், முன்பு கொரண்டெர்க் என்ற பூர்வகுடிக் குடியிருப்பின் ஒரு பகுதி. அம்மக்களின் போராட்டத்தைப் பேசும் 'கொரண்டெர்க்: வீ வில் ஷோ த கன்ட்ரி' 2013இல் நூலாக வந்தது. ஜியோர்டானோ நானி, அன்ட்ரியா ஜேம்ஸ் இருவரும் தொகுத்த நாடகப் பிரதி அதன் மையம். உரையாடல்களை அவர்கள் புனையவில்லை. 1881இல் நடந்த அரச விசாரணையின் சாட்சியப் பதிவேட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

1863இல் அங்கே குடியேறிய குலின் மக்கள் காடு வெட்டி, பியருக்குச் சேர்க்கும் ஹொப்ஸ் பயிரிட்டார்கள். பண்ணை செழித்தபின் பாதுகாப்புச் சபை அவர்களை வேறிடத்துக்கு அனுப்ப முனைந்தது. வில்லியம் பராக் தலைமையில் சுமார் 60 கிலோமீற்றர் நடந்து மெல்பேர்ணுக்கு வந்து முறையிட்டார்கள், மனுக்கள் எழுதினார்கள். அதன் விளைவே அந்த விசாரணை.

பிரதியின் பலம் அதன் வறண்ட அலுவலக மொழிதான். எதைக் கேட்பது என்பதை விசாரணையாளரே தீர்மானிக்கிறார். ஆனாலும் இறைச்சி, கூலி, போர்வை பற்றிய சில்லறைக் கேள்விகளுக்கு நடுவே, எங்களை இந்த நிலத்திலேயே விடுங்கள் என்ற கோரிக்கை நுழைந்துவிடுகிறது.

பதிவேட்டை மட்டும் நம்பும் வடிவத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. 1881இல் பேசியவர்களுக்கு 1886 தெரியாது. 1884இல் நிலம் நிரந்தர ஒதுக்கீடானது. இரண்டே வருடத்தில் வந்த சட்டம், கலப்பு வம்சத்தவரில் 34 வயதுக்குக் குறைந்த பெரும்பாலோரைப் பூர்வகுடிகள் என்ற வரையறைக்கு வெளியே தள்ளியது. உழைக்கக்கூடியவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், 1924இல் குடியிருப்பே மூடப்பட்டது. அமெரிக்காவின் செரோக்கி மக்களை, 1832இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சாதகமாக இருந்தும், 1838இல் படையைக்கொண்டு அப்புறப்படுத்தினார்கள். இங்கே ஒரு வரையறையே போதுமாயிருந்தது. கணினித்துறையில் பிழைக்கும் எனக்கு இது பழக்கமான வேலை: அட்டவணையில் ஒருவரையும் அழிக்காமல், தெரிவு நிபந்தனையை மட்டும் மாற்றினால் பாதிப்பேர் காணாமற்போவார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மலையகத் தமிழருக்கும் இது தெரியும்.

அப்படியானால் சாட்சியம் வீணா? 2010இல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அழுது சலித்தவர்களின் கேள்வியும் இதுதான். கொரண்டெர்க்கைச் சாட்சியம் காப்பாற்றவில்லை. ஆனால் சுமார் 130 வருடங்களுக்குப் பிறகு, அம்மக்கள் சொன்னதை அவர்களுடைய சொற்களிலேயே மேடையில் கேட்க முடிந்தது. நம் தாய்மார் சொன்னவையும் பதிவில் இருக்கின்றன. அவற்றை மேடையேற்ற நாம் எத்தனை வருடம் காத்திருக்கப் போகிறோம்?