கைபடாத காசு

நாணயச் சேகரிப்பாளர்கள் 'ப்ரூஃப் செட்' என்று சொல்லும் தொகுப்பில் இருப்பதும் காசுதான். ஆனால் செலவழிப்பதற்கான காசு அல்ல. பொறுக்கியெடுத்த வில்லைகளை, கண்ணாடிபோல மெருகேற்றிய அச்சில் ஒருமுறைக்கு மேல் அடித்து, விரல்ரேகை படாமல் பெட்டியில் வைக்கிறார்கள். நாடு தன் பணத்தை மாற்றியதன் நினைவாக அது விற்கப்படுகிறது. யாருடைய நினைவு?

1950இல் பம்பாய் நாணயச்சாலை குடியரசின் முதல் நாணயங்கள் ஏழையும் இப்படித் தொகுத்தது. ஆறாம் ஜார்ஜின் தலை போய் அசோகச் சிங்கம் வந்தது. பைசாவில் குதிரை, அணாவில் காளை, ரூபாயில் தானியக் கதிர். ஆட்சி மாறியதைச் சொல்லும் அழகான வடிவமைப்புதான். கதிர் இருக்கிறது, அறுத்தவள் இல்லை.

அடுத்த பெரிய மாற்றம் 1957 ஏப்ரல் 1. பதினாறு அணா ரூபாய் நூறு நயா பைசாவானது. ஓர் அணாவுக்குச் சரிக்கணக்கு ஆறேகால் பைசா. மாற்று அட்டவணையில் ஆறு. கட்டு ஓர் அணா என்று பதினாறு கட்டுக் கீரை விற்றவளுக்குப் புதுக்காசில் தொண்ணூற்றாறுதான் சேரும். நாலு பைசா எங்கே என்று அவள் யாரிடம் கேட்பாள்? பளபளக்கும் நயா பைசாவில் இந்த நாலு பைசா தெரியாது.

2016 நவம்பர் 8 இரவு, புழக்கத்திலிருந்த நோட்டுகளின் மதிப்பில் 86 விழுக்காடு செல்லாததானது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நாற்று நட்டும் மல்லாட்டை ஆய்ந்தும் பெண்கள் சேர்ப்பதற்குச் சிறுவாடு என்று பெயர். அரிசிப்பானை, சுருக்குப்பை, புடவை மடிப்பு ஆகியவையே அதன் வங்கி. குடிக்கும் கணவனிடமிருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கும் உறவுகளிடமிருந்தும் காப்பாற்றிய பணம் அது. அதை மாற்றவேண்டுமென்றால் முதலில் வெளியே எடுக்கவேண்டும். எடுத்தால் இருப்பது வீட்டுக்கே தெரிந்துவிடும். கறுப்புப் பணத்துக்கு வீசிய வலை பெண்ணின் ரகசியத்தைப் பிடித்தது. இல்லத்தரசிகள் அப்போது செலுத்திய இரண்டரை லட்சம் வரையிலான தொகையைக் கணக்கில் வராத வருமானமாகக் கொள்ள முடியாது என்று ஆக்ரா வருமானவரித் தீர்ப்பாயம் 2021இல் சொன்னது. அதைச் சொல்ல ஐந்தாண்டுகள் ஆயின.

2017ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். பழைய நோட்டு யாரும் பத்து வரை வைத்திருக்கலாம். ஆய்வுக்கும் நாணயவியலுக்கும் என்றால் இருபத்தைந்து வரை. மீறினால் அபராதம். பணத்தைப் பொருளாகப் பார்க்கிறவருக்குச் சட்டம் இடம் விட்டது. பானையடியில் மறந்துபோன பதினோராவது நோட்டுக்கு விடவில்லை. சேகரிப்பாளர்மேல் நமக்குக் கோபமில்லை, அவரும் வரலாற்றைத்தான் காக்கிறார். ஆனால் செல்லாத நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பெண்ணிடமும் வரலாறு இருக்கிறது. அவளைச் சட்டம் குற்றவாளியாக மட்டுமே கற்பனை செய்ய முடிந்தது.

ப்ரூஃப் தொகுப்பின் மதிப்பே கைபடாமல் இருப்பதில்தான். பெண்களின் பண வரலாறோ முழுக்கக் கைபட்டது: வியர்வை ஊறி, முந்தானையில் முடிந்து, எண்ணி எண்ணித் தேய்ந்தது. அதற்குப் பெட்டி கிடையாது, பேச்சு மட்டுமே. அணாவில் கூலி வாங்கியவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். மாணவிகள் கேட்கவேண்டிய கேள்விகள் எளியவை: எவ்வளவு சேர்த்தீர்கள், எங்கே வைத்தீர்கள், யாருக்குத் தெரியாமல்? இப்போதே கேளுங்கள்.