தோணியும் இனமும்

1920ஆம் ஆண்டு வங்காள ஆசியக் கழக வெளியீடாக வந்த ஜேம்ஸ் ஹோர்னெலின் ஆய்வு, இந்தியப் படகுகளைப் பற்றி எழுதப் புகுவோர் விலக்கிச் செல்லவியலாதது. சென்னை மாகாண மீன்வளப் பகுதியின் தலைவராயிருந்த அவர், கரைதோறுஞ் சென்று மரத்தையும் கயிற்றையும் நேரிற் கண்டு எழுதியவர். அவ்வருணனைகள் இன்றும் பழுதற நிற்கின்றன. இடர்ப்பாடு, அவர் தோணியை விட்டுத் தோணிக்காரனிடம் செல்லுமிடத்தே தொடங்குகின்றது.

ஓடத்தின் ஒரு பக்கத்தே கழிகளால் இணைக்கப்பட்டு மிதக்கும் மரம், சிங்களவரின் 'ஓருவ'விலும் தென்றமிழ்நாட்டுக் கரையிலும் பசிபிக் தீவுகளிலும் உண்டு. இதனைக் கொண்டு, பொலினீசியரோடு உறவுடைய மக்கள் முற்காலத்தே தென்னிந்தியக் கரையிற் குடியேறினர் என்பது ஹோர்னெலின் முடிபு. தொழில் ஒன்றாயின் குருதியும் ஒன்றாமோ?

வட ஐரோப்பாவை நோக்குக. டென்மார்க்கின் ஆல்ஸ் தீவில், ஹியோட்ஸ்பிரிங் சதுப்பில் 1921–22இல் அகழ்ந்தெடுத்த போர்ப்படகு கி.மு. நான்காம் நூற்றாண்டினது, அதன் பலகைகள் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டவை. இங்கிலாந்தின் ஹம்பர் கழிமுகத்தில் 1937இற் கண்டெடுத்த பெர்ரிபிப் படகோ வெண்கலக் காலத்தது. முறுக்கிய யூ மரக் கொப்புகளால் தைக்கப்பட்டது. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் தென்னந்தும்புக் கயிற்றால் தைத்ததே. எனினும் டேனியர் சென்னையிலிருந்து சென்றனர் என்பார் எவருமிலர். பெர்ரிபித் தச்சன் இரும்பை அறியான், ஆதலின் தைத்தான். சென்னைத் தச்சனோ இரும்பிருந்தும் தைத்தான். ஆணியால் இறுகிய படகு கரையலையில் மோதிப் பிளக்கும், தைத்த படகு நெகிழ்ந்து கொடுக்கும். செய்முறை ஒன்று, காரணம் வேறு.

பக்கமிதவை அத்துணை எளிதிற் பலவிடத்தும் தோன்றுவதன்று என்பதை ஒப்புதல் வேண்டும். அது கடல்வழி வந்ததென்னும் அளவில் ஹோர்னெலின் கூற்று வலிமையுடையது. ஆயினும் கருவி வருதற்குக் குடியேற்றம் வேண்டுவதில்லை. கல்முனைக் கரையிலிருந்து கடலிறங்கும் கண்ணாடியிழைப் படகுகளில் யப்பானிய இயந்திரங்கள் ஒலிக்கின்றன. அவற்றைச் செலுத்துவோர் கல்முனையாரே.

குடியேற்றத்தை நிறுவப் பிறிதொரு சான்று வேண்டும். மடகாஸ்கரில் அது உண்டு. அங்கே பக்கமிதவை ஓடத்தோடு, போர்னியோ மொழிகளுக்கு நெருங்கிய மலகாசி மொழியும் வழங்குகின்றது. ஹோர்னெல் சுட்டும் தென்றமிழ்நாட்டுக் கரையிலோ மிதவை உண்டு. அதனைச் செலுத்தும் பரதவர் வாயிலிருப்பது தமிழ்.