ஊர்ப்பெயரும் மரச்சான்றும்

ஊர்ப்பெயர் ஆராய்ச்சி கற்றோர்க்கு நல்விருந்து. கற்பனைக்கும் எளிதில் இடங்கொடுப்பது. ஒரு பெயரின் முதலில் ஆலோ, மாவோ, புளியோ ஒலிக்கக் கேட்டவுடன், அவ்வூர் அம்மரத்தாற் பெயர்பெற்றதென முடிவு கட்டுவோர் பலர். ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 1946 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்னும் நூல், நிலமும் காடும் கோயிலும் ஊர்ப்பெயர்களில் நிலைபெற்ற திறத்தை இனிய நடையில் விளக்கியது. அதனை நுகர்ந்தோர் அவ்வழியைப் பிற இடங்களுக்கும் கொண்டுசெல்ல விழைவது இயல்பே. ஆயின், தேவாரமும் கல்வெட்டும் துணைநிற்கும் சோழநாட்டிற்கு ஏற்ற வழி, அத்துணை அருகிய ஊவா மலைநாட்டிற்கு அப்படியே பொருந்துமோ என்பது ஆராயத்தக்கது.

மரப்பெயரை அறிதற்கு முதற்சான்று இலக்கணம். புளி என்னும் சொல் மரத்தையும் சுவையையும் குறிக்கும். மரத்தைக் குறிக்குங்கால் அது ‘அம்’ சாரியை பெறும் எனத் தொல்காப்பியர் தனிவிதி வகுத்தார். வவுனியாவை அடுத்த புளியங்குளம் அவ்விதிக்கு இலக்கியமாய் நிற்கின்றது. வடமராட்சி கிழக்கின் மருதங்கேணியும், திருகோணமலைப் பக்கத்து ஆலங்கேணியும் அத்தகையனவே. மா என்பதற்குப் பெருமை, விலங்கு முதலிய பொருள்களும் உளவேனும், மாங்காய் என்பதிற்போல மாங்குளம் என்பதிலும் மெல்லெழுத்துத் தோன்றி மரத்தையே சுட்டுகின்றது. செவிக்கு இனிமையாய் இருப்பதன்று, விதிக்கு இயைவதே சான்றாம்.

இரண்டாவது சான்று மரம் வளரும் நிலமும் அதன் பயனும். மருது ஆற்றங்கரையை விரும்பும் மரம், வேரால் கரையைக் காப்பது, பட்டையால் மருந்தாவது. நீர்வளம் மிக்க வயல்நிலம் மருதம் எனப்பட்டதும், கேணியொடு மருதின் பெயர் இணைந்ததும் இதனால் விளங்கும். மன்னார்ப் பகுதியில் இலுப்பைக்கடவை என ஓர் ஊர் உண்டு. இலுப்பையின் வித்து நெய்யாகிக் கோயில் விளக்கில் எரிந்தது. மக்கள் கண்ட மரங்கள் எண்ணிறந்தன. அவற்றுள் வாழ்வொடு பிணைந்தவையே பெரிதும் ஊர்க்குப் பெயராயின.

இவ்விரு சான்றுகளையும் ஏந்தி ஊவாவிற்கு வருவோர்க்கு மூன்றாவது ஒன்றும் வேண்டும். அஃது அயல்மொழியறிவு. லுணுகலை என்பதன் ஈற்றைக் கண்டு, கலைகள் வளர்ந்த ஊர் எனப் பொருள்கூறல் பிழையாகும். சிங்களத்தில் லுணு என்பது உப்பு. கல என்பது கல். தமிழர் நாவில் அக்கல கலையாயிற்று, மொனராகலையும் அவ்வாறே. இவற்றில் மரம் இல்லை. மரம் உள்ள பெயர்களோ தமிழ்ச்செவிக்குப் புலப்படுவதில்லை. வெலிமடைப் பக்கத்து நுகத்தலாவையில் நிற்பது ஆலமரம்; போகஹகும்புரவில் அரசமரமும் வயலும் கூடிநிற்கின்றன; சியம்பலாண்டுவவின் முதற்பகுதி நம் புளியே. மலையினின்று இறங்கித் தென்கிழக்குக் கடலைச் சேரும் கும்புக்கன் ஓயாவின் பெயரில் உள்ள கும்புக்கு நம் மருது. மருதங்கேணியில் தமிழன் கண்ட மரத்தையே இவ்வாற்றங்கரையில் சிங்களவன் கண்டான். இருவரும் நீரையும் மரத்தையும் ஒருசேர வைத்தே பெயரிட்டனர். மொழி வேறாயினும் வாழ்வின் நோக்கு ஒன்றே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. இத்தகைய பெயர்களுக்குத் தமிழ்மூலம் தேடி இடர்ப்படுவோர், கையிலுள்ள இவ்வுண்மையை இழக்கின்றனர்.

ஊவாவில் வாழும் தமிழர்க்கு இவ்வாராய்ச்சி வெறும் சொற்போர் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகக் காடு அழிந்தது. 1869 ஆம் ஆண்டிற்குப் பின் இலைநோயால் கோப்பி அழியத் தேயிலை அவ்விடத்தைக் கொண்டது. துரைமார் தம் நாட்டுப் பெயர்களைத் தோட்டங்களுக்கு இட்டனர். நாட்டுமரம் நின்ற இடங்களில் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரவிலியாவும் யூக்கலிப்டசும் நின்றன. தோட்டத்துப் பிள்ளை தன் ஊர்ப்பெயரைக் கேட்டு மரத்தை அறியவும், மரத்தைக் கண்டு பெயரை அறியவும் இயலாதவாறு இருவழியும் அடைபட்டன. எனினும், கொழுந்து பறிக்கும் மலைக்கும், லயத்திற்கும், நீரூற்றுக்கும், சாமி நிறுத்திய மரத்தடிக்கும் தொழிலாளர் தமக்குள் வழங்கும் பெயர்கள் உள. அவை நிலப்படத்தில் ஏறாதவை. முதியோர் நாவில் மட்டும் வாழ்பவை. மரம் வீழ்ந்தபின் பெயரேனும் எஞ்சும். நாவும் ஓய்ந்தால் எஞ்சுவது யாது?

ஆதலின், ஊவாவின் ஊர்ப்பெயர் ஆராய்ச்சி நூலகத்தில் தொடங்குவதினும் மலையடியில் தொடங்குதல் நன்று. பெயரைச் சொல்லுவோர் வாய்மொழியை உள்ளவாறே எழுதி, மரத்தை நேரிற் கண்டு, பயனைக் கேட்டறிந்து, அயல்மொழி வல்லாரை உசாவிய பின்னரே பொருள் கூறல் வேண்டும். சான்று குறைந்தவிடத்துப் பெயரை மட்டும் பதிந்து, பொருளைக் கூறாது விடுதலும் புலமையே. தோட்டப்புறத்து மாணவர் விடுமுறை நாள்களில் இப்பணியை மேற்கொள்வாராயின், சேதுப்பிள்ளை அவர்கள் தமிழகத்திற்குச் செய்த தொண்டு மலைநாட்டிற்கும் ஒருநாள் வாய்ப்பதாகும்.