இட்டவர் யார்?

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இரண்டாக வகுத்து நம் இலக்கண நூலார் கூறினர். காரணம் விளங்க நிற்பது ஒன்று. காரணம் புலப்படாது முன்னோர் இட்டவாறே வழங்குவது மற்றொன்று. வகுப்பறையில் இதனைக் கற்பிக்கும் நாம், மண், மரம், பறவை என்று எடுத்துக்காட்டி அமைந்து விடுகிறோம். எதிரே அமர்ந்திருக்கும் மாணாக்கனின் பெயர் எவ்வகைப்பட்டது என ஆராய்வதில்லை. இடுகுறி என்றால் இட்டவர் ஒருவர் இருந்திருக்க வேண்டுமே. அவர் யார், எந்த அதிகாரத்தால் இட்டார் என்று கேட்பதுமில்லை.

இன்று குழந்தைப் பெயர் நூல்கள் மலிந்துள்ளன. ஒரு பெயர், அதன் எதிரே ஒரு பொருள், பக்கத்தில் எண்சோதிடக் கணக்கு என அவை அமைந்திருக்கும். இவற்றுக்கு மாறாகத் தூய தமிழ்ப் பெயர் நூல்களும் உள. முன்னவை வாணிபம்; பின்னவை மொழிப்பற்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் நியாயமன்று. எனினும் இரண்டிற்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. பெயரின் பொருள் வேர்ச்சொல்லிலேயே முடிந்து விட்டது என்று கருதுவதுதான் அது. இக்கொள்கை போதாது என்பதற்கு யாழ்ப்பாணத்துத் தீவகமே தக்க சான்று.

முதலில் தீவுகளின் பெயர்களையே நோக்குவோம். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், காரைதீவை அம்ஸ்ரடாம் என்றும், வேலணையை லெய்டன் என்றும், புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும், அனலைதீவை றொட்டர்டாம் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும் தம் நாட்டு நகர்களின் பெயரால் குறித்தனர். இவற்றுள் இன்றும் வழங்குவது நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் ஒன்றுதான். அதுவும் ஆங்கில வழக்கில். ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கயிற்ஸ் என்னும் பெயரும், இறங்குதுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்ததே. ஆள்வோர் இட்டவை அலுவலகத்தில் நின்றன. உழுவோரும் வலைவீசுவோரும் இட்டவை ஊரில் நின்றன.

ஆட்பெயர்களின் கதை இதனினும் சிக்கலானது. நயினாதீவில் நாகபூசணி அம்மன் அருளை நினைந்து இட்ட நாகம்மா, நாகலிங்கம், நாகேஸ்வரி என்பன காரணம் தெளிந்தவை. ஊர்காவற்றுறைக் கரையில் கேட்கும் பஸ்தியாம்பிள்ளை, சந்தியாப்பிள்ளை, கைத்தாம்பிள்ளை என்பவற்றின் காரணத்தையோ கடல் கடந்துதான் தேட வேண்டும். செபஸ்தியான், சந்தியாகு, கயெத்தானு என்னும் புனிதர் பெயர்கள் போர்த்துக்கேயர் வழியாக வந்து, 'பிள்ளை' என்னும் நம் சொல்லோடு கைகோத்துக் கொண்டன. சந்தியாகு என்பதைப் பின்தொடர்ந்தால் எபிரேய மொழியின் யாக்கோபை அடைவோம். விவிலியக் கதைப்படி, தமையனின் குதிகாலைப் பற்றிக்கொண்டு பிறந்தவன் அவன். அப்பெயரே ஆங்கிலத்தில் யேம்ஸ், அரபியில் யாக்கூப். ஒரே வகுப்பில் சந்தியாப்பிள்ளை, யேம்ஸ், யாக்கூப் என மூவர் இருப்பின், வேறு வேறு பெயரினர் என்று தம்மை எண்ணும் அவர்கள் உண்மையில் ஒரு பெயரினரே!

வேறு சில பெயர்களில் ஒலியன்றிப் பொருளே மொழிபெயர்ந்து வந்தது. பவுல் என்பதற்கு இலத்தீனில் சிறியவன் என்பது பொருள். தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சின்னப்பர் என்றனர். யோவான் என்பது இறைவன் அருளுடையவன் எனப் பொருள்படும். அவர் அருளப்பர் ஆனார். அப்துல்லா என்றாலும் தேவதாசன் என்றாலும் கடவுளுக்கு அடியவன் என்பதே கருத்து. சமயங்கள் பகைத்து நின்ற காலத்தும் பெயர்கள் ஒன்றையொன்று அறிந்திருந்தன. இவற்றை அயற்சொல் என ஒதுக்குவோர், சாதாரண மக்கள் பிறமொழி ஒலியைத் தம் நாவுக்கிசையத் திருத்தித் தமதாக்கிக் கொண்ட ஆற்றலை ஒதுக்குகின்றனர்.

ஆயினும், வந்த பெயர்கள் யாவும் விருப்பத்தால் ஏற்கப்பட்டவை எனக் கூறுவதும் பிழையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிசன் நடத்திய விடுதிப் பள்ளிகளில், பிள்ளையின் செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்க அன்பர், தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடும் வழக்கம் இருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளை கல்வி பெற்றான். பெற்றோர் இட்ட பெயரை விலையாகக் கொடுத்தான். 1886இல் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்ட ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான கறோல் விசுவநாதபிள்ளை ஆகியோர் பெயர்களில் இரண்டு உலகங்கள் அருகருகே நிற்கக் காண்கிறோம்.

அந்நியர் இட்டதைப் பேசுவது எளிது. நம்மவர் இட்டதைப் பேசுவதே கடினம். கந்தன், கந்தையா, கந்தப்பிள்ளை என்னும் மூன்றையும் எண்ணிப் பாருங்கள். அகராதிக்கு மூன்றும் முருகன் பெயரே; வேர் ஒன்றே. யாழ்ப்பாணச் சமுதாயத்திற்கோ நெடுங்காலம் இவை ஒன்றாக இருந்ததில்லை. உயர்ந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொண்டோர் வீட்டில் கந்தையாவும் வள்ளியம்மையும் வளர்ந்தனர். ஒடுக்கப்பட்டோர் குடிலில் கந்தனும் வள்ளியும் வளர்ந்தனர். ஐயா, அம்மை, பிள்ளை என்பன வெறும் விகுதிகள் அல்ல, அவை மரியாதை. கிணற்று நீரும் கோயில் வாசலும் மறுக்கப்பட்டது போன்றே இவ்விகுதிகளும் மறுக்கப்பட்டன. நரைத்த முதியவரையும் பத்து வயதுச் சிறுவன் 'கந்தன்' என்றே விளிப்பான். அம்முதியவரோ அச்சிறுவனைத் 'தம்பி' என்றழைக்கவும் அஞ்சுவார். கந்தன் என்னும் சொல்லின் பொருளை அங்கே தீர்மானித்தது வேரா, அன்றி வேலியா?

1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொதுவிடங்களில் சாதி பற்றி மறுத்தலைக் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டில் உறங்காமற் செய்ய 1966 அக்டோபரில் தொடங்கிய தீண்டாமை எதிர்ப்புப் போராட்டம் தேவைப்பட்டது. தேநீர்க்கடைக் கதவுகள் திறந்தன. ஆனால், விளிக்கும் நாவுக்குச் சட்டம் இயற்ற எவரால் இயலும்? இப்போராட்ட உலகை எழுத்தில் வடித்த கே. டானியலின் பெயரைத் தூய தமிழ்ப் பட்டியலில் காண முடியாது. கடவுளே என் நீதிபதி என்பது அதன் எபிரேயப் பொருள். நீதி மறுக்கப்பட்ட மக்களுக்காக எழுதி, 'பஞ்சமர்' ஆசிரியர் என்னும் புதுப்பொருளை அப்பெயருக்கு அவரே தேடித் தந்தார். இதைவிடத் தமிழ்ப்பெயர் வேறு யாது?

தமிழகத்தில் மொழித்தூய்மை இயக்கத்தோடு மற்றொரு குரலும் ஒலித்தது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு வேண்டியது. முன்னது எந்த மொழியின் பெயர் என்று கேட்டது; பின்னது எந்தச் சமுதாயத்தின் பெயர் என்று கேட்டது. முதல் வினா இரண்டாம் வினாவோடு சேர்ந்தாலன்றி நிறைவுறாது. சாதித் திமிரைத் தனித்தமிழிலும் சொல்லலாமன்றோ?

பெண்களின் பெயர்களிலும் இட்டவரின் மனமே பேசுகிறது. அடுத்ததாவது ஆணாகட்டும் என்று 'வேண்டாம்', 'போதும்பெண்' எனப் பெயரிட்ட வழக்கம் தமிழகத்துச் சிற்றூர்களில் இருந்தது. மராட்டியத்தின் சாத்தாரா மாவட்டத்தில், வேண்டாதவள் எனப் பொருள்படும் பெயரைச் சுமந்த 285 சிறுமியர்க்கு 2011இல் வேறு பெயர் சூட்டினர். பெயர் ஊழ்வினை அன்று. மனிதர் இட்டதை மனிதர் மாற்றலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இட்ட பொருள் ஒருபுறமிருக்க, வரலாறு கொணர்ந்து சேர்க்கும் பொருளும் உண்டு. குமுதினி என்றால் ஆம்பல் என்று அகராதி கூறும். நெடுந்தீவாருக்கு அது ஒரு படகின் பெயர். 1985 மே 15இல் கடல் நடுவே அப்படகில் வெட்டிக் கொல்லப்பட்ட பயணிகளின் நினைவு அது. அந்த ஊரில் எந்தத் தாயும் அப்பெயரை ஆம்பல் என்று மட்டும் எண்ணிக் கேட்க முடியாது. 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாக்கூப் போன்ற பெயர்கள் பள்ளிப் பதிவேடுகளிலிருந்து ஒருங்கே மறைந்தன. அவ்வெற்றிடத்தின் பொருளை எந்த நூல் சொல்லும்? அதனை நம் மக்களின் பெயரால் நம்மவரே செய்தனர் என்பதை மறைத்துவிட்டு, பிறர் செய்த கொடுமையை மட்டும் கணக்கெடுப்பது நேர்மையாகாது.

போரால் பெயர்ந்த தீவக மக்கள் கனடா, பிரான்சு, நோர்வே எனப் பரந்தனர். தந்தை பெயரைத் தலையெழுத்தாகக் கொள்ளும் நம் வழக்கம் அந்நாட்டுப் படிவங்களில் அடங்கவில்லை. தந்தையின் இயற்பெயர் அங்கே குடும்பப் பெயராக உறைந்தது. இதில் வியப்பொன்றுமில்லை. நோர்வே மக்களும் ஒருகாலத்தில் தந்தை பெயராலேயே அறியப்பட்டவர்கள். நிலையான குடும்பப் பெயரை 1923ஆம் ஆண்டுச் சட்டமே அவர்களுக்குக் கட்டாயமாக்கியது. ஐஸ்லாந்து மக்கள் பழைய முறையை இன்றும் கைவிடவில்லை. அரசு எண்ண விரும்புகிறது. மக்கள் அழைக்க விரும்புகின்றனர். பெயர் இவ்விரண்டுக்கும் இடையே அலைகிறது.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் இதில் ஆற்ற வேண்டிய பணி பெரிதன்று. ஆனால் பிறரால் ஆகாதது. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மூன்று தலைமுறைப் பெயர்களைத் திரட்டி, அவற்றை யார் இட்டார், ஊரார் எவ்வாறு அழைத்தனர், பதிவாளர் எவ்வாறு எழுதினார் என்று கேட்டு வரட்டும். ஒரு வகுப்பின் ஏடுகளை ஒன்றாக வைத்து வாசித்தால் தீவகத்தின் சமுதாய வரலாறு அங்கே விரியும். பாட்டியின் பெயருக்கு வெட்கப்படும் பிள்ளை, வெட்கப்பட வேண்டியவர் வேறு யாரோ என்பதை அறியும். அதற்கு முன்னர் நாம் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. காலையில் வரவு கூப்பிடும்போது எந்தப் பிள்ளையின் பெயரையும் பாதியில் அறுக்காது, முழுமையாக, ஒரே மரியாதையோடு உரைப்போம். இடுகுறி எதுவாயினும் ஆகுக; அழைக்கும் குரலேனும் சமத்துவத்தின் குரலாக இருக்கட்டும்.